ஒன்பது மணி நேரம்

"டொரண்டோ எம்புட்டு தூரத்துல இருந்தா என்ன அண்ணாச்சி? மாப்பிள்ளை சபரிநாதன் தங்கமான பையன்," என்றார் தரகர் லட்சுமிகாந்தம்.

"தூரம் கெடக்கட்டும். எத்தன மணி நேரம்? பத்து மணி நேரத்துக்கு மேல பிளேன்ல போற ஊருக்குப் பொண்ணக் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்ல?"

கோயில் பொங்கலன்று, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் தனுஷ்கோடி விட்ட சவடால் அது. அவருடைய அம்மா இறந்தபோது டெல்லியிலிருந்து அக்கா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அது ஆறாத வருத்தம். இப்போது பேச்சை மாற்றினால் சிவகாசியே சிரிக்கும் என்பது வேறு.

கதவோரம் நின்று மகள் ஸ்ரீமதி கேட்டுக்கொண்டிருந்தாள். சபரிநாதனைத் தவிர வேறு எவனுக்கும் கழுத்தை நீட்டுவதாக அவளுக்கு உத்தேசம் இல்லை.

"தாயி, நம்ம பிரஸ்ஸுல போட்ட புது டைரிய எடுத்துட்டு வா. பின்னாடி பிளேன் நேரமெல்லாம் இருக்கும்."

இதைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். உலகத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும் அப்பாவுக்கு டைரிதான். போன வாரம் அதற்குப் புரூஃப் பார்த்தவள் அவள். 'சென்னை - டொரண்டோ: 22 மணி நேரம்' என்றிருந்ததைச் சிவப்பு மையால் அடித்து, '9' என்று எழுதியவளும் அவளேதான்.

அவள் கொண்டுவந்து கொடுத்த டைரியை லட்சுமிகாந்தம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஒம்பது மணி நேரம்னு போட்டிருக்கு... ஆனா அண்ணாச்சி, ஒரு நாள் முழுக்க ஆகும்னுல்ல அந்தப் பையனே..."

தனுஷ்கோடி டைரியை வாங்கி மூடினார்.

"நீங்க வேற! அச்சுல ஏறுனது பொய் சொல்லுமா? அதுவும் என் பிரஸ்ஸுல! ஒம்பதுன்னா ஒம்பதுதான். நிச்சயத்துக்கு நாள் பாருங்க."

சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. காரியாபட்டி நகைக்கடை ஆர்டர், ஐயாயிரம் டைரி! அத்தனையிலும் தப்பு வந்தால் அப்பாவின் பெயர் என்ன ஆகும்? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் பறந்தாள்.

"பலவேசம் அண்ணே, லோடு ஏத்தாதீங்க! டைரியில ஒரு தப்பு இருக்கு!"

பைண்டர் பலவேசம் டைரிக் கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார். சென்னை - டொரண்டோ: 22 மணி நேரம். அவள் அடுத்ததைப் புரட்டினாள். அதிலும் 22. அதற்கடுத்ததிலும் 22.

"அந்த ஒம்பதச் சொல்லுதீகளா பாப்பா?" பலவேசம் சிரித்தார். "முதலாளி அத புரூஃப்லயே பாத்துத் திருத்திட்டாக. ஒம்பது போட்டு ஒரே ஒரு டைரி மட்டும் பைண்ட் பண்ணி வாங்கிட்டுப் போனாக, வீட்டுக்குன்னு."