ஒளிவட்டம் வேண்டாம்

“போய்ச் சேர்ந்தவங்களுக்குன்னே இதுல தனி டிசைன் கீதும்மா,” என்றான் துரை. மானிட்டரில் மேகம் பிளந்து ஒளி கொட்டியது. நடுவில் முகம் வைக்க வட்டமாக ஒரு காலி இடம். “அப்பா போட்டோவ இதுல போட்டா போதும். மேலேர்ந்து ஆசீர்வாதம் பண்றா மாதிரி வந்துடும்.”

“மேகம் வேணாங்க, ஒளிவட்டமும் வேணாம்,” என்றாள் தமிழ்ச்செல்வி. “தரையில நிக்கணும். என் பக்கத்துல.”

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிர்மாடியில் இருந்தது துரையின் ஸ்டுடியோ. கல்யாண ஆல்பத்தில் போட்டோக்களைக் கோந்து தடவி ஒட்டிய காலம் போய், கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக அமைத்துப் புத்தகமாகவே அச்சடிக்கிற காலம் வந்திருந்தது. துரையிடம் அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ரெடிமேட் ஆல்பம் சாஃப்ட்வேரில் போட்டோக்களைக் கொட்டினால் அதுவே பக்கங்களை நிரப்பிவிடும், சாயந்திரமே வேலை முடியும். போட்டோஷாப்பில் என்றால் எல்லாம் கைவேலை, நாள் கணக்கில் இழுக்கும்.

“போட்டோஷாப்புன்னா லேட்டாவும்மா. உன்னப் பாத்தா அவ்ளோ நாள் தாங்குமான்னு தெரியல.”

அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். “பொறந்து வளந்தப்புறம் இது தாத்தா எங்கன்னு கேக்கும். அப்ப காட்டறதுக்குத்தான் இந்தப் புக்கு. பொய்யின்னு அதுக்குத் தெரியக் கூடாது. எதுல பண்ணா தெரியாதோ அதுல பண்ணுங்க.”

துரை அவள் கொடுத்த சிடியைத் திறந்தான். திருப்போரூர் கோயிலில் நடந்த கல்யாணம். படங்கள் குறைவு. மாப்பிள்ளை பக்கம் பத்துப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். பெண் பக்கம் ஒரு கல்தூண் நின்றது.

“இன்னாம்மா, உங்க சைடுல தூணுதான் சாட்சிக் கையெழுத்தா?”

அவள் சிரிக்கவில்லை. “அதான் எடம் கீதே. அங்க நிக்க வைங்க.”

அடுத்து அப்பாவின் படம் வந்தது. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பக்கவாட்டில் நின்று, சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தின் மாலையைச் சரிசெய்ய வலது கையை உயர்த்தியிருந்தார். அந்தப் படத்தின் கண்ணாடியில் வாசல் வெளிச்சம் விழுந்து உள்ளேயிருந்த முகம் வெளுத்துக் கிடந்தது. ரிப்பன் வைத்துப் பின்னிய ஒரு சடை மட்டும் தெரிந்தது.

“இவரு கேமராவையே பாக்கலியே?”

“பாக்கமாட்டாரு.”

“நேரா நிக்கிற பழைய போட்டோ எதுனா?”

“கல்யாணத்துக்காக வூட்ட வுட்டு வந்தப்ப நான் எதையும் எடுத்துகினு வரல. இது தம்பி யாருக்கும் தெரியாம எடுத்துக் குடுத்தான். இது ஒண்ணுதான்.”

“சரி வுடு. கையத் தூக்கினு கீறாரு, அதுவே போதும். அந்தக் கைய உன் தலை மேல கொண்டாந்தா ஆசீர்வாதம்தான்.”

துரைக்குச் சீக்கிரம் முடிக்கிற ஆசை போகவில்லை. ரெடிமேட் சாஃப்ட்வேரிலேயே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஆளை வெட்டச் சொன்னான். அது ஒரே நொடியில் வெட்டித் தூணுக்கு முன்னால் நிறுத்தியது. கையோடு மாலையும் பாதி சேர்ந்து வந்திருந்தது. மணப்பெண்ணின் தலைக்கு நேர் மேலே சாமந்தி தொங்கியது.

தமிழ்ச்செல்வி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “அந்த மாலைய எடுங்க! மொதல்ல அத எடுங்க!”

“ஏம்மா கத்தற? அதுவா வெட்டுது, நான் இன்னா பண்ணட்டும்? பூ எது வெரலு எதுன்னு அதுக்கு இன்னா தெரியும்?”

“தெரிஞ்ச சாஃப்ட்வேர்ல பண்ணுங்க. எத்தினி நாள் ஆனாலும் வந்து குந்திகினு இருக்கறேன்.”

துரை போட்டோஷாப்பைத் திறந்து, கை திரை முழுவதும் வரும்வரை படத்தைப் பெரிதாக்கினான். நக ஓரமாகப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனான். விரலுக்கு நடுவில் சிக்கியிருந்த இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்தான். மறுநாளும் அதே வேலைதான். அவள் மறுநாளும் வந்து உட்கார்ந்தாள்.

கடைசியில் அவரைத் தூணை மறைத்து நிறுத்தி, காலடியில் நிழல் போட்டான். கை பிசிறில்லாமல் அவள் தலை மேல் இறங்கியது. சுவரிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இப்போது மணக்கோலத்தில் நின்றவளைப் பார்த்தன.

தமிழ்ச்செல்வி திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள். “நம்புமா?”

“வெட்டி ஒட்டின எனக்கே டவுட்டு வருது. இவரு நெஜமாவே வந்தாரா இன்னான்னு.” துரை முதுகை நிமிர்த்தினான். “பாவம், இருந்திருந்தா வுட்டுருப்பாரா? மொத ஆளா வந்து நின்னுருப்பாரு.”



துரை மிச்சத்தை அழிப்பதற்காகப் பழைய படத்துக்குத் திரும்பினான். அப்பா இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. சுவரும் ஆணியும் மாலை போட்ட படமும்தான் பாக்கி. மாலையில் கை அளவுக்கு ஓர் ஓட்டை.

“சின்ன வயசு போலக் கீது. யாரும்மா இது, அக்காவா?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“அது நான்தாங்க.”