பாயசத்துக்குப் பத்துக் கிலோ

குலசேகரத்தில் பருப்புக் கடை வைத்திருக்கும் பகவதியப்பன் ஒரு முந்திரிப்பருப்பை வாயில் போட்டு மென்றார். முகம் சுளித்தார்.

“கசக்குது. இதை யாரு வாங்குவா மக்களே?”

லிஜாவுக்குச் சுருக்கென்றது. பொன்மனையில் அவளுக்கும் புருஷன் ரெஜினுக்கும் இருப்பதே இருபது கொல்லாமரம், அதாவது முந்திரிமரம். மூன்று மாதமாக அவளே முந்திரி அண்டியை வறுத்து, உடைத்து, தோலுரித்து, போன் நம்பர் அச்சடித்த பாக்கெட்டில் போட்டு விற்றுப் பார்க்கிறாள். வாட்ஸ்அப்பில் படம் போட்டால் ஊரே கட்டைவிரலைக் காட்டுகிறது. வாங்கத்தான் ஆளில்லை.

“பேசாம மரத்தை எனக்குப் பாட்டத்துக்கு விடுங்க. மூணு வருசம் விளையுறது எல்லாம் எனக்கு. குலசேகரத்துல பாதிப் பேரு என் கடைப் பருப்பைத்தான் திங்கான். இதுல ஒப்புப் போட்டு சாயங்காலம் கொண்டு வாங்க” என்றவர், ஒரு பேப்பரை நீட்டினார். பிறகு கையிலிருந்த பாக்கெட்டோடு வண்டி ஏறினார்.

“ஏட்டி, வியாபாரம் தெரிஞ்ச நாக்கு. அது கசக்குன்னா கசக்கும்” என்றான் ரெஜின். கட்டிய புருஷன் பேசுகிற பேச்சா இது? பேப்பரில் கையெழுத்தைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

லிஜா போனை எடுத்தாள், வைத்தாள். முற்றத்துக்குப் போனாள், அடுக்களைக்கு வந்தாள். ஒரு பருப்பைக் கடித்தாள். கசக்கவில்லை. இன்னொன்று. அதுவும் கசக்கவில்லை. தன் நாக்கின் மேலேயே சந்தேகம் வந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மத்தியானம் போன் அடித்தது.

“அக்கா, அண்டிப்பருப்பு விக்கியவங்கதானே? என் பேரு அஜிதா. நாளைக்கு எனக்குக் கல்யாணம். பாயசத்துக்குப் பத்துக் கிலோ வேணும். எடுக்க ஆள் அனுப்புறோம், நீங்க வரண்டாம்.”

“வீடு எங்க?”

“குலசேகரம் சந்தைக்குப் பின்னால. பந்தல் போட்டிருக்கும்.”

ஆள் வரும்வரை லிஜாவால் இருக்க முடியுமா? “நானே கொண்டு வாறேன்” என்றாள்.

“இந்தப் பத்துக் கிலோ இன்னைக்குப் போவும். நாளைக்கு?” என்றான் ரெஜின். “குடுத்துட்டு நேரா பகவதியப்பன் கடைக்குப் போவோம்.” அவள் பையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

பந்தலுக்குள் மருதாணி காயாத கையோடு அஜிதா வந்தாள். “நீங்களே வந்துட்டியளா?”

லிஜா பையை இறக்குவதற்குள் உள்ளேயிருந்து ஒரு ஆள் வந்தார். பகவதியப்பன். கல்யாணத்துக்கு வந்த இடத்திலும் கசப்பு என்று சொல்லி, கிடைத்த ஒரே வியாபாரத்தையும் கெடுக்கப் போகிறார்.

அவரோ பந்தல் துணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்பா, பருப்பு வந்தாச்சு” என்றாள் அஜிதா.

பேப்பரை எடுக்கப் போன ரெஜினின் கை சட்டைப் பைக்குள்ளேயே நின்றது.

லிஜா மெதுவாகக் கேட்டாள். “உங்க கடையில சாக்குச் சாக்காக் கெடக்குமே மக்கா, பின்ன என்னதுக்கு எங்கிட்ட?”

அஜிதா சிரித்தாள்.

“அது விக்கதுக்கு உள்ளதாக்கும் அக்கா.”