ஏரிக்கடியில் ஆணிகள்

நாலு வருஷத்துக்கு முன்னால், படகிலிருந்து குனிந்தபோது வெல்கோவின் கார் சாவி ஏரியில் விழுந்தது. கார் கிளம்பாததால், சோஃபியா நகர ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்த தன் அக்காவை அவன் மனைவி போஷானா கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது. "எங்கக்காவ உனக்குப் பிடிக்காது. சாவிய வேணும்னே ஒளிச்சிட்ட," என்று அவள் சொல்லாத மாதமில்லை.

இந்தக் கோடையில் ஏரி வற்றி, அணை கட்டியபோது மூழ்கிய ஊரின் தேவாலயம் வெளியே வந்தது. பிறகு வாங்கிய மாற்றுச் சாவியில் காரை ஓட்டிவந்து, கரையில் நிறுத்திவிட்டு இருவரும் உள்ளே போய்ப் பார்த்தார்கள்.

எங்கும் சேறு. ஒரு சுவர் மட்டும் துடைத்தாற்போல் இருந்தது. அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு துருப்பிடித்த வீட்டுச் சாவி. கடைசியாக, கறுப்பாக ஒரு கார் சாவி. அதில் ஈரமே இல்லை.

"அமுக்கிப் பாரு," என்றாள் போஷானா.

வெல்கோ அதை எடுத்துப் பொத்தானை அமுக்கினான். கரையில் காரின் விளக்கு இரண்டு தரம் மின்னியது.

"நெஜமாத்தான் சொல்லிருக்க," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுத்த எடத்துலயே மாட்டிடு. இவ்வளவு பத்திரமா வச்சிருக்காங்க."

மாட்டினான். அதற்கடுத்து ஒரு வெற்று ஆணி இருந்தது. அது புதுசாகப் பளபளத்தது.