எத்தனாவது நாள் பசித்தது?

"உங்களுக்கு எத்தனாவது நாள்ல பசி எடுத்துச்சுக்கா?" என்று கேட்டான் அழகுபாண்டி.

முருகம்மாள் அப்போதுதான் புருஷனின் கடைசி மூச்சைப் பற்றிச் சொல்லி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்திருந்தாள். அவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? இழவு வீட்டில் நின்றுகொண்டு பந்தி எப்போது என்று விசாரிக்கிற ரகம் ஒன்று உண்டு. அழகுபாண்டி அந்த ரகம்.

மாட்டுத்தாவணிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி மாடியில் சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு இந்தக் கூட்டம். புற்றுநோய்க்கு வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசி மனசை ஆற்றிக்கொள்ளலாம். நடுவில் கவுன்சலிங் கொடுக்கும் பவதாரிணி டிஷ்யூப் பெட்டியும் சிரித்த முகமுமாக உட்கார்ந்திருப்பாள். 'இங்கே யாரும் யாரையும் எடை போடுவதில்லை' என்று சுவரில் ஓர் அட்டை தொங்கியது. அந்த அட்டைக்குக் கீழே உட்கார்ந்துதான் ஐந்து வாரமாக எல்லாரும் அழகுபாண்டியை எடை போட்டார்கள்.

கொட்டாம்பட்டியில் கடலை விவசாயம் பண்ணுகிறவன்; வயது நாற்பது இருக்கும். முதல் வாரம், "எம் பொண்டாட்டி பேரு பாண்டீஸ்வரிங்க. கேன்சரு" என்றான், அவ்வளவுதான். துக்கத்தைத் தோண்டக் கூடாது என்பது பவதாரிணி படித்த பாடம், அதனால் அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் சொந்தக் கதையில் ஒரு வரி பேசியதில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதும் இல்லை.

அடுத்தவர் கதை என்றால் மட்டும் காதைத் தீட்டிக்கொள்வான். மனைவியை இழந்த கண்ணுச்சாமி வாத்தியாரிடம், பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்தது யார், வழியில் என்ன சொல்லிக் கூட்டிவந்தார்கள் என்று கேட்டான். அம்மாவை இழந்த நாகஜோதியிடம், அந்த அம்மாவின் போன் அடித்தால் இப்போது வீட்டில் யார் எடுக்கிறார்கள் என்று கேட்டான். அந்தப் பெண் அன்றைக்குப் பாதிப் பெட்டி டிஷ்யூவைத் தீர்த்துவிட்டுத்தான் எழுந்தது. போன வாரம் முருகம்மாளிடமே, அவர் போனபிறகு கட்டிலில் படுக்கிறீர்களா, தரையிலா என்று விசாரித்தான்.

ஊரார் துக்கத்தைக் கேட்டுப் பொழுதுபோக்க பஸ் ஏறி வருகிறான் என்பது வாத்தியாரின் தீர்ப்பு. முருகம்மாள் அதற்கும் ஒரு படி மேலே போனாள். குழியின் ஈரம் காய்வதற்குள் இரண்டாம் தாரத்துக்கு ஆள் தேடி வருகிறானாம், அதனால்தான் பொம்பளைகளைத் துருவுகிறானாம். பவதாரிணி மறுத்துப் பேசவில்லை. அவளுக்கும் அவனைக் கண்டால் குமட்டியது. படித்தவள் என்பதால் சிரித்துக்கொண்டே குமட்டியது.

இன்றைக்கு அவன் நெற்றி நிறையச் சந்தனத்தோடு வந்திருந்தான். கேட்ட கேள்விக்கு முருகம்மாள் முறைக்கவே, சமாதானம் செய்கிறவன்போலச் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். அழகர்கோயிலுக்குப் போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பனுக்குச் சந்தனம் சாத்தி வேண்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி, திருநீற்றை அவள் முன்னால் நீட்டினான்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். திருநீறு தரையில் கொட்டியது.

சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் வருஷம் திரும்பும்வரை கோயில் படி மிதிக்கக் கூடாது. மதுரையில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். மாசியில் புருஷன் போனான். சித்திரையில் அவள் குடியிருக்கும் செல்லூரே அழகரைப் பார்க்க ஆற்றுக்கு ஓடியபோது, முருகம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தாள். அப்படிப்பட்டவளிடம் இவன் கோயில் திருநீற்றை நீட்டுகிறான்.

வாத்தியார் எழுந்தேவிட்டார். இவன் உட்காரும் இடத்தில் இனி உட்கார மாட்டேன் என்றார். நாகஜோதியும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். பவதாரிணி முதல்முறையாகச் சிரிப்பை எடுத்து வைத்துவிட்டு, இந்தக் கூட்டம் துக்கத்தில் இருப்பவர்களுக்கானது, உங்களுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை, அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று சொன்னாள்.

ஐந்து வாரத்தில் அப்போதுதான் அழகுபாண்டியின் முகம் செத்துப்போனது. பவதாரிணியைப் பார்த்துக் கண்ணீரோடு கையெடுத்துக் கும்பிட்டான்.

"இன்னும் ரெண்டு வாரம் மட்டும் விடுங்கம்மா. ரெண்டும் சின்னப் பிள்ளைக, எனக்கு ஒண்ணுமே தெரியாது. இங்க விட்டா நான் யாரப் போயிக் கேப்பேன்?"

இம்புட்டு நாள் வராத அழுகை, வெளியே போகச் சொன்னதும் வருகிறதாக்கும் என்று முருகம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நடிக்காத. சாவு விழுந்த வீட்டுல இருந்துக்கிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுய்யா கருப்பன் வாசலுக்குப் போன?"

அவன் தரையில் மண்டி போட்டு, கொட்டிக் கிடந்த திருநீற்றை இரண்டு கையாலும் கூட்டி அள்ளினான். நாற்காலிக் காலுக்கு அடியில் இருந்ததையும் விடவில்லை. பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டபிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"போகலாம்க்கா. எங்க வீட்ல இன்னும் சாவு விழுகல."