நான்காவது லேப்டாப்

பழைய லேப்டாப் கடையின் கண்ணாடி மேசைமேல் மூன்று சின்ன லேப்டாப்கள் வாயடைத்துக் கிடக்கின்றன. நான்காவதில் அவள் லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவைச் செருகுகிறாள். பக்கத்து ஸ்டூலில், தொண்டையில் கட்டோடு, கணவர். ஆபரேஷனில் குரல் போய்விட்டது. அவர் தட்டுவதை உரக்க வாசிக்க அவள் தம்பி எழுதித் தந்த புரோகிராம், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் அந்த லினக்ஸில் மட்டும்தான் ஓடும்; போகிற இடமெல்லாம் தூக்கிப்போகச் சின்னதாகவும் வேண்டும். மூன்றிலும் திரை வந்தது, சத்தம் வரவில்லை. "விண்டோஸ்ல எல்லாமே பாடும்க்கா. உங்க லினக்ஸ்தான் ஊமை" என்ற கடைக்காரர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொள்கிறார். கணவர் தரையைப் பார்க்கிறார். "இதுதான் கடைசி. வேற சின்னது இல்லக்கா." திரை விழிக்கிறது. கணவர் ஒற்றை விரலால் தட்டத் தொடங்குகிறார். அந்தப் பக்கம் திரும்பப் பயந்து, அவள் கடைக்காரரிடம் மூச்சுவிடாமல் பேசுகிறாள். "பசிக்குதா, வலிக்குதான்னு நானே கேட்டு, பதிலையும் நானே சொல்லிக்கிறேங்க. பைத்தியம் பிடிச்சிடும்போல இருக்கு. ராத்திரி பகலா..." தகர டப்பாவில் கல் உருளுவதுபோல் ஒரு குரல் குறுக்கிடுகிறது. "கொஞ்சம் சும்மா இரு. நான் பேசிக்கிறேன்." அவள் வாய் திறந்தபடி நிற்கிறது. கணவரின் விரல் அடுத்த எழுத்தைத் தேடுகிறது. கடைக்காரர் எட்டி, இரைகிற மின்விசிறியை நிறுத்துகிறார்.