புல்லுக்குள் ஒரு கட்டை

"அந்தத் தையல்காரி கண்ணுல மட்டும் எப்படித்தான் எல்லாம் மாட்டுதோ!"

ரிட்டயர்ட் சர்வேயர் போனை மேஜைமேல் தொப்பென்று போட்டார்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"பூங்காக் குளக்கரைப் புல்லுல குட்டைக்காது ஆந்தையைப் பார்த்தாளாம். நம்ம ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தரும் பார்த்ததில்லை!"

"பார்த்துட்டுப் போறா. உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?"

எரியாமல் என்ன செய்யும்? பறவை பார்க்கிற குழுவில், குளிர்காலத்தில் அதிக வகை பார்த்தவர் என்று எட்டு வருஷமாக அவர்தான் முதலிடம். முழ நீளத்துக்குக் கேமரா வேறு. அவளோ பட்டன் வாங்கப் போகிற வழியில் பூங்காவை எட்டிப் பார்க்கிறவள். இந்த ஆந்தையோடு அவரை முந்திவிட்டாள்.

போனை எடுத்துக் குழுவின் வாட்ஸப்பில் தட்டினார். "படம் எங்கேம்மா? ஊசியில நூல் கோத்துக் கோத்துக் கண்ணு பூத்துப்போச்சோ?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் இருபது பேர், "காலையில நேர்லயே வர்றோம்" என்று போட்டார்கள்.

பத்து நிமிஷத்தில் அவளிடமிருந்து பதில் வந்தது. "மன்னிச்சுக்கோங்க, தப்பாப் பார்த்துட்டேன். அது காய்ஞ்ச கட்டை. யாரும் அலைய வேண்டாம்."

சர்வேயருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "கட்டையோட படம் காலையில வரும்!" என்று போட்டுவிட்டுத்தான் படுத்தார். சும்மா விடுவாரா? அவள் மூக்கை உடைத்தே ஆகவேண்டும்.

விடிந்ததும் கேமராவோடு ஓடினார். பூங்காக் குளக்கரையில், உயர்ந்த புல்லுக்குள் கட்டை கிடந்தது. குனிந்து கேமராவைத் திருகினார்.

கட்டை கண்ணைத் திறந்தது. மஞ்சள் மஞ்சளாய் இரண்டு கண்.

அவர் பதறிப் பின்னால் நகர்ந்தார்.

"மெதுவா, சார்." பக்கத்து பெஞ்சில் தையல்காரி. மடியில் பாதி தைத்த சட்டை, நாய் விரட்ட ஒரு குச்சி.

"கட்டைன்னு எழுதினீங்களேம்மா!"

"ஆசையில முதல்ல உளறிட்டேன். இருபது பேர் வந்து சூழ்ந்துக்கிட்டா அது எங்கே சார் போகும்? எவ்வளவு தூரம் பறந்து வந்துச்சோ, எழுந்திரிக்கவே தெம்பில்லாம கிடக்கு. ரெண்டு நாள் தூங்கட்டும்."

"அதுக்காக... எல்லாரும் உங்களைக் கேலி பண்ணாங்களே?"

"எல்லாருமா சார்?" என்று சிரித்தாள். "பரவாயில்லை. அது கிளம்பினப்புறம் உங்க பேர்லயே போட்டுக்கோங்க."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

போன் அதிர்ந்தது. குழுவில் யாரோ கேட்டிருந்தார்கள். "சார், படம் எங்கே? கிளம்பி வரவா?"

சர்வேயர் கேமராவை மூடிப் பைக்குள் வைத்தார். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து தட்டினார்.

"வராதீங்க. அந்தம்மா சொன்னது சரிதான். வெறும் கட்டை."