ஞானஸ்நானம் பெற்ற தொண்டை

பாலன் பிறந்த செய்தியைச் சொல்லும் அடி வந்ததும் ராஜன் மாஸ்டரின் கண்கள் கலங்கின. உயர்த்திய கையைத் தாழ்த்த மறந்து அவர் நின்ற கோலத்தைக் கண்ட அருள்மலர், விசுவாசம் என்றால் இதுவல்லவா விசுவாசம் என்று உள்ளம் உருகினாள்.

தென் லண்டனில் மிச்சம் என்னும் ஊரிலுள்ள கத்தோலிக்க ஆலயத்தின் பின்மண்டபம் அது. 1991ஆம் ஆண்டு மார்கழி மாதத்து ஞாயிறு மாலை, கரோல் வழிபாட்டுக்கு முன்னதாகத் தமிழ்ப் பாடகர் குழு கடைசி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. அன்று ஆயரே வருகிறார்.

அமெரிக்காவில் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள் பாடிய பழைய கிறிஸ்மஸ் பாடல் ஒன்றை, நான்கு குரல்களாகப் பிரித்து, தமிழ்ச் சொற்கள் இட்டு அமைத்திருந்தார் மாஸ்டர். ஊரில் மிஷன் கல்லூரி ஒன்றில் மேல்நாட்டுச் சங்கீதம் கற்பித்தவர் அவர். ஒருவர் தனித்து அழைக்க, ஏனையோர் திரண்டு விடை கூறுவர். கடைசிச் சரணத்தில் வாத்தியம் அனைத்தும் ஓய்ந்துவிடும். மாஸ்டரின் கையசைவு ஒன்றே வழிகாட்டி. அந்தக் கை இல்லாவிட்டால் யார் எப்போது வாய் திறப்பது என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

அருள்மலர் கண்ட குறை ஒன்றுதான். தனிக்குரல் பாலேந்திராவுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அவன் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்பவன். நண்பனோடு ஒருநாள் ஆலயத்துக்கு வந்து, பாட்டைக் கேட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டவன். வெள்ளிக்கிழமைகளில் நெற்றி நிறையத் திருநீறு பூசுபவன்.

அருள்மலரின் கணவர் கிறிஸ்துராஜாவோ பரம்பரைக் கத்தோலிக்கர். அவர் பாடத் தொடங்கினால் சுருதி ஒரு திசையிலும் அவர் வேறொரு திசையிலும் பயணம் செய்வது உண்மையே. ஆயினும் அவரது ஞானஸ்நானத்தில் எவரும் ஒரு குறையும் கூற இயலாது.

கனடாவிலுள்ள தங்கைக்கு அனுப்பவென்று அவள் வீடியோக்காரரையும் ஒழுங்கு செய்திருந்தாள். தங்கையின் கணவர் ரொறொன்ரோவில் பூசைக்கு வாசகம் வாசிக்கிறாராம். அப்படியிருக்க, தன் கணவர் பின்வரிசையில், யாரோ ஒருவரின் தோளுக்கு மேலே அரை நெற்றியாகத் தெரிவதை எந்த மனைவி பொறுப்பாள்?

ஆகவே தேநீர் இடைவேளையில் அவள் குழுவின் நிர்வாகத்தைக் கூட்டினாள். தலைவர் செபமாலைமுத்துவின் முன்னால் சுடச்சுட இறைச்சி ரோல்ஸ் தட்டை வைத்த பின்னரே பேச்சைத் தொடங்கினாள் என்பதிலிருந்து அவளுடைய ஆற்றலை அறியலாம்.

"தம்பி நல்லாத்தான் பாடுறார், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் பாலன் பிறந்ததை அறிவிக்க ஞானஸ்நானம் எடுக்காத தொண்டையே கிடைச்சது? ஆயருக்கு ஆரும் சொன்னால் எங்கடை மரியாதை என்னாகிறது?"

செபமாலைமுத்து மென்றபடியே, பாதர் என்ன சொல்வாரோ என்று இழுத்தார். தமிழ்ப் பாட்டு தமிழரின் பொறுப்பு என்று பாதர் என்றோ கைகழுவிவிட்டதை அருள்மலர் நினைவூட்டினாள். தனிக்குரலை மட்டும் பறித்தால் பொறாமை என்று சனம் கதைக்கும். எனவே ஞானஸ்நானம் பெறாத சைவக்காரர் எவரும் குழுவிலேயே நிற்கக்கூடாது என்பதுதான் நீதி என்றாள். இரண்டாவது ரோல்ஸ் முடிவதற்குள் தீர்மானம் நிறைவேறிற்று.

மாஸ்டரின் கருத்தும் மரியாதைக்காகக் கேட்கப்பட்டது. அது எப்படியிருக்கும் என்பதில் அருள்மலருக்கு ஐயமே இல்லை. எல்லோரும் நற்கருணை வாங்க வரிசையில் போகையில், தாம் மட்டும் எழுந்து போகாமல் ஓர்கனை வாசித்துக்கொண்டேயிருக்கும் அவரது தியாகத்தை ஞாயிறுதோறும் கண்டவள் அல்லவா அவள்?

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"ஆவணியில இருந்து பழகின பாட்டு, தங்கச்சி. அந்தப் பிள்ளை இல்லாமல் நிக்காது."

"கடவுளை விடப் பாட்டே பெரிசு, மாஸ்டர்? சட்டம் எண்டால் ஆள் பாக்கக் கூடாது."

"ஆராயிருந்தாலுமோ?"

"ஓம். ஆராயிருந்தாலும்."

மாஸ்டர் கண்ணாடியை அணிந்துகொண்டார். பிறகு தலையசைத்தார். பக்திமான்களுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை என்று அருள்மலர் மகிழ்ந்தாள்.

தீர்மானத்தைத் தலைவர் பாலேந்திராவிடம் அறிவித்தார். குழுவினர் அணியும் சிவப்புக் கழுத்துப்பட்டியைக் கழற்றி, மடித்து, மேசைமீது வைத்துவிட்டு வெளியே பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தான். அவனை எவரும் தடுக்கவில்லை. பல மாதங்களாக மனப்பாடமாயிருந்த பாட்டுத்தாளைச் சிலர் திடீரென்று மிகுந்த கவனத்தோடு வாசிக்கலாயினர்.

அருள்மலர் கணவருக்கு இஞ்சித் தேநீர் பருக்கி, தலைமயிரைச் சீர்படுத்தி, தனிக்குரலுக்கென முன்வரிசையின் நடுவே நிறுத்தினாள். நெற்றி முழுவதும் விழவேண்டும் என்று வீடியோக்காரருக்கும் அறிவுறுத்தினாள். ஆயர் வந்து ஆசனத்தில் அமர்ந்துவிட்டார் என்ற செய்தி கிடைத்ததும், குழு ஆலயத்தின் உட்கதவை நோக்கி அணிவகுத்தது.

மாஸ்டர் மட்டும் மண்டபத்தின் மறுகோடியில், கொக்கியில் தொங்கிய தமது குளிர்க்கோட்டை எடுத்து, ஆறுதலாகப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

அருள்மலர் பதறி ஓடினாள். "எங்கை மாஸ்டர் வெளிக்கிட்டியள்? நீங்கள் கை காட்டாமல் இவை எப்பிடிப் பாடுறது?"

மாஸ்டர் கடைசிப் பொத்தானையும் பூட்டிவிட்டு, மிகுந்த மரியாதையோடு தலைதாழ்த்தினார்.

"நானும் சைவக்காரன்தான், தங்கச்சி."